புது பைக்குக்கு ஷோரூமில் விலை பேசுவது எப்படி: முதல் கொட்டேஷனிலிருந்து ஆர்சி கைக்கு வரும் வரை

தங்கை மகன், ஆபீஸ் நண்பர்கள், பக்கத்து வீட்டு அண்ணன் என்று ஏழெட்டுப் பேருக்குப் புது வண்டி எடுக்கக் கூடவே போயிருக்கிறேன். அத்தனை பேரும் ஷோரூமில் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "எவ்வளவு டிஸ்கவுன்ட் தருவீங்க?" சேல்ஸ்மேன் 1,500 ரூபாயோ 2,000 ரூபாயோ குறைப்பார், ஒரு ஹெல்மெட்டும் சீட் கவரும் இலவசம் என்பார், நம்ம ஆளும் ஜெயித்த மாதிரி சிரிப்பார். அதே கொட்டேஷனில் வேறு நாலு இடத்தில் பத்தாயிரம் போயிருக்கும்.

இருசக்கர வண்டியின் எக்ஸ்-ஷோரூம் விலையில், அதாவது சாலை வரி, பதிவு, இன்சூரன்ஸ் சேர்க்காத வண்டி விலையில், டீலருக்கு நிற்பது குறைவு, அதில் பெரிதாகக் கை வைக்க அவரால் முடியாது. அவர் சம்பாதிப்பது இன்சூரன்ஸ், ஃபைனான்ஸ், ஃபிட்டிங்ஸ், 'இதர கட்டணம்' ஆகியவற்றில். அதனால் பேரம் பேச வேண்டிய இடமும் அதுதான். கீழே உள்ளது தமிழ்நாட்டு நடைமுறை. வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியை நம்பித்தான் நிற்கிறது.

1. வீட்டிலேயே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள்

ஷோரூம் தருகிற தாளைப் பார்க்கும் முன் உங்கள் கையில் சொந்தமாக ஒரு தாள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் சொல்லும் தொகைதான் உங்களுக்கு ஆரம்பப் புள்ளி ஆகிவிடும், அதிலிருந்து எவ்வளவு குறைந்தாலும் லாபமாகவே தெரியும்.

முதலில் எக்ஸ்-ஷோரூம் விலை. கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் ஊரையும், எந்த வேரியன்ட் என்பதையும் கொடுத்துப் பாருங்கள். ஒரே வண்டியில் டிரம் பிரேக், டிஸ்க், டூயல் சேனல் ஏபிஎஸ் என்று நாலு விலை இருக்கும். ஜிஎஸ்டி இதற்குள்ளேயே அடக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 ஆனது. எனவே அதற்கு முன்பு யாரோ வாங்கிய பில்லை வைத்து இன்றைய விலையைக் கணிக்காதீர்கள்.

அடுத்தது லைஃப் டாக்ஸ், அதாவது ஒரே தடவையாகக் கட்டுகிற சாலை வரி. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 1 லட்சம் ரூபாய் வரையுள்ள புது இருசக்கர வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். இது அரசுக்குப் போகிற பணம், இதில் பேரம் கிடையாது. ஆனால் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் சிலர் இதையும் ஆர்டிஓ செலவையும் சேர்த்து ஒரே வரியில் போட்டு நடுவில் 2,000 ரூபாயை ஒளித்து வைப்பார்கள். பதிவுக் கட்டணம் 300 ரூபாய். கடன் வாங்கினால் அதை ஆர்சியில் ஏற்ற 500. ஸ்மார்ட் கார்டு, சாலைப் பாதுகாப்பு வரி என்று இன்னும் சில நூறு. அவ்வளவுதான்.

மூன்றாவது இன்சூரன்ஸ். புது இருசக்கர வண்டிக்கு 5 வருஷ மூன்றாம் நபர் காப்பீடு (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கானது) கட்டாயம், 2018 செப்டம்பரிலிருந்து இப்படித்தான். அதன் பிரீமியத்தை இன்சூரன்ஸ் கம்பெனி தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. 2022 ஜூனில் அறிவித்த தொகைகள்: 75 முதல் 150 சிசி வரை 3,851 ரூபாய், 150க்கு மேல் 350 வரை 7,365, அதற்கும் மேல் 15,117. இவற்றின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 149 சிசி வண்டிக்கும் 160 சிசி வண்டிக்கும் இந்த ஒரு வரியிலேயே நாலாயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வருவதைக் கவனியுங்கள். வண்டியையே இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

2. எந்த மாதம், எந்த நாள்

நம்ம ஊரில் டீலருக்குக் காய்கிற மாதங்கள் இரண்டு: ஆடி, மார்கழி. ஆடியில் புது வண்டி எடுக்க வீட்டுப் பெரியவர்கள் சம்மதிப்பதில்லை, அதனால் ஆடி ஆஃபர் என்று பேனர் கட்டுகிறார்கள். மார்கழிக்கு இன்னொரு காரணமும் உண்டு. டிசம்பர் 31 தாண்டினால் ஷோரூமில் நிற்கிற வண்டி 'போன வருஷ வண்டி' ஆகிவிடும், அதற்குள் தள்ளிவிடத்தான் பார்ப்பார்கள். சகுனம் பார்க்காதவருக்கு இந்த இரண்டும் நல்ல காலம்.

ஆயுத பூஜை, தீபாவளி நேரத்தில் கம்பெனியே ஆஃபர் அறிவிக்கும், அது எல்லோருக்கும் கிடைக்கும். ஆனால் அதற்கு மேல் டீலரிடம் ஒன்றும் பெயராது. வாசலில் ஐம்பது பேர் மாலையும் எலுமிச்சம்பழமுமாக நிற்கும்போது உங்களிடம் அரை மணி நேரம் பேச அவருக்கு என்ன அவசியம்?

மாதத்தில் கடைசி ஐந்தாறு நாள் நல்லது. சேல்ஸ்மேனுக்கும் மேனேஜருக்கும் மாத டார்கெட் இருக்கிறது, ஒன்றிரண்டு வண்டி குறைந்தால் இன்சென்டிவ் போய்விடும். மார்ச் கடைசி என்றால் வருஷ டார்கெட்டும் சேர்ந்துகொள்ளும். போகும் நாள் வார நாளாக, காலை 11 மணி வாக்கில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு போய் உட்கார்ந்தால் உங்களுக்கு முன்னால் காபி இருக்கும், மேனேஜர் இருக்க மாட்டார்.

ஒரு எச்சரிக்கை. "மார்கழியில் பேசி வைத்துத் தையில் எடுத்துக்கொள்கிறேன்" என்றால் பெரும்பாலும் நடக்காது. ஆஃபர் பில் போடும் தேதியைப் பொறுத்தது. பில் டிசம்பரில், டெலிவரி ஜனவரியில் என்று சம்மதித்தால், வாரன்டியும் இன்சூரன்ஸும் வண்டி ஷோரூமில் நிற்கும்போதே ஓட ஆரம்பித்துவிடும், ஆர்சியில் தயாரிப்பு வருஷமும் பழையதாகவே இருக்கும். விற்கும்போது இது உதைக்கும்.

3. குறைந்தது மூன்று ஷோரூம், அதுவும் மூன்று முதலாளிகள்

ஒரே ஊரில் நாலு ஷோரூம் இருக்கும், நாலுக்கும் முதலாளி ஒருவராக இருப்பார். பெயரின் முன்பாதி ஒன்றாக இருந்தால் சந்தேகப்படுங்கள். நாலிலும் ஒரே விலை வந்ததும் "இதுதான் மார்க்கெட் ரேட்" என்று நம்மவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். கொட்டேஷனின் கீழே ஜிஎஸ்டி எண் இருக்கும். அது ஒன்றாக இருந்தால் கடையும் ஒன்றுதான்.

இன்னொரு குழப்பம் சப் டீலர். கிராமத்துக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்தியிருப்பார், ஆனால் பில் வருவது டவுனில் இருக்கும் மெயின் டீலரிடமிருந்து. நடுவில் இவர் பங்கு ஒன்று ஏறியிருக்கும். தெரிந்தவர் என்பதற்காக அங்கே போகிறீர்கள் என்றால் சரி, மெயின் டீலரின் கொட்டேஷனையும் வாங்கி வைத்துக்கொண்டு போங்கள்.

பக்கத்து மாவட்டத்திலும் தாராளமாக விலை கேட்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்கு அப்புறம் மாநிலத்துக்குள் எந்தப் பதிவு அலுவலகத்திலும் பதியலாம். "வெளியில வாங்கினா இங்க சர்வீஸ் பண்ண மாட்டோம்" என்று சொல்பவர்கள் உண்டு. இலவச சர்வீஸும் வாரன்டியும் கம்பெனி கொடுப்பது, அங்கீகாரம் பெற்ற எந்த சர்வீஸ் சென்டரிலும் செல்லும். புதுச்சேரியில் வரி குறைவு என்று அங்கே ஓடாதீர்கள். அங்கே முகவரி இல்லாமல் பதிந்தால் சிக்கல், தமிழ்நாட்டிலேயே வைத்து ஓட்டினால் இங்கே மறுபடி வரி கட்ட வேண்டி வரும்.

4. முதல் முறை போனால் கொட்டேஷன் மட்டும்

முதல் நாள் விலையே பேசாதீர்கள். டெஸ்ட் ரைடு எடுங்கள், "எல்லாத்தையும் தனித்தனியா பிரிச்சு, எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பர்ஸைத் தொடவே கூடாது.

பலர் தருவது விசிட்டிங் கார்டின் பின்பக்கம் பேனாவில் எழுதிய ஒரே ஒரு தொகை. அது கொட்டேஷன் ஆகாது. ஷோரூம் பெயர் அச்சடித்த தாளில், வரி வரியாக, தேதியோடு வேண்டும். தர மறுத்தால் வாட்ஸாப்பிலாவது அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தில் இல்லாத விலையை அடுத்த ஷோரூமில் காட்டவும் முடியாது, இதே ஷோரூமில் பத்து நாள் கழித்து நிலைநாட்டவும் முடியாது.

இந்த நாளில் நம்மவர்கள் தவறாமல் செய்கிற மூன்று காரியங்களைப் பார்த்திருக்கிறேன். "எனக்கு இந்த நீலக் கலர்தான் வேணும்" என்பது ஒன்று. "வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்தாகணும்" என்பது இன்னொன்று. பையனைக் கூட்டிப்போய் அவன் வண்டிமேல் ஏறி செல்ஃபி எடுப்பது மூன்றாவது. மூன்றும் சேல்ஸ்மேனுக்கு ஒரே சேதியைத்தான் சொல்கின்றன: இவர் எங்கேயும் போக மாட்டார்.

5. கொட்டேஷனைப் பிரித்து மேய்வது

இதுதான் வேலையின் மையம். நிதானமாகப் படியுங்கள். 1,20,000 ரூபாய் எக்ஸ்-ஷோரூம் உள்ள ஒரு 160 சிசி வண்டிக்கு வருகிற தாள் கிட்டத்தட்ட இப்படி இருக்கும் (தொகைகள் மாதிரிக்குத்தான், உருவம் நிஜம்):

எக்ஸ்-ஷோரூம் 1,20,000
லைஃப் டாக்ஸ் 14,400
ஆர்டிஓ செலவு 2,850
இன்சூரன்ஸ் 13,900
ஹேண்ட்லிங் சார்ஜ் 2,000
ஃபிட்டிங்ஸ் கிட் 4,200
எக்ஸ்டெண்டட் வாரன்டி 1,500
ஆர்எஸ்ஏ 900
டெஃப்லான் கோட்டிங் 1,200
ஆன்-ரோடு 1,60,950

முதல் இரண்டு வரியைத் தொட வேண்டாம். மூன்றாவது வரியில் 2,850 எதற்கு என்று கேளுங்கள். கடன் இல்லாவிட்டால் அரசுக் கட்டணம் ஆயிரத்தைத் தாண்டாது என்பது உங்கள் தாளில் இருக்கிறதே. மிச்சம் புரோக்கர், போக்குவரத்து, 'ஆபீஸ் செலவு' என்று இழுப்பார்கள். "ரசீது எவ்வளவுக்கு வருதோ அதைத் தர்றேன், அலைச்சலுக்கு வேணா 500 சேர்த்துக்கோங்க" என்றால் பெரும்பாலும் இறங்குவார்கள்.

ஹேண்ட்லிங் சார்ஜ் என்பது வண்டியை லாரியிலிருந்து இறக்கி, துடைத்து, பேட்டரி மாட்டிக் கொடுப்பதற்காம். அதைச் செய்யத்தானே டீலர் இருக்கிறார்? வண்டி ஷோரூமுக்கு வந்து சேருகிற செலவெல்லாம் எக்ஸ்-ஷோரூம் விலைக்குள் வந்துவிட்டது. இந்த வரியைக் குறைக்கச் சொல்லாதீர்கள், எடுக்கச் சொல்லுங்கள். "பாதியா போட்டுக்கறேன் சார்" என்று வருவார்கள், அங்கே சம்மதித்தால் இல்லாத ஒன்றுக்குப் பாதி விலை கொடுத்த கதை.

ஃபிட்டிங்ஸ் கிட்டில்தான் நிறைய வேடிக்கை. உள்ளே என்ன என்று பட்டியல் கேளுங்கள். க்ராஷ் கார்டு, சீட் கவர், டேங்க் கவர், சாரி கார்டு, நம்பர் பிளேட், ஹெல்மெட் என்று வாசிப்பார்கள். இதில் சாரி கார்டும் பின்னால் உட்காருபவருக்கான கைப்பிடியும் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதிப்படி வண்டியோடு இருக்க வேண்டியவை. ஹெல்மெட் 138ஆம் விதிப்படி வண்டி வாங்கும்போது தயாரிப்பாளர் கொடுக்க வேண்டியது, ஐஎஸ்ஐ முத்திரையோடு. உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் 2019 ஏப்ரலிலிருந்து வண்டி விலையிலேயே அடக்கம். ஆக கிட்டில் பாதி, ஏற்கெனவே உங்களுடையதை உங்களுக்கே விற்பது. இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டியதில்லை. விதி எண்ணை மட்டும் ஒரு தடவை சொன்னால் போதும், "சரி சார், அதை விட்டுடலாம்" என்று அவரே அடித்துவிடுவார்.

"கிட் கம்பெனியிலேயே மாட்டி வருது, கழட்ட முடியாது" என்பது அடுத்த வசனம். கம்பெனியில் மாட்டி வந்திருந்தால் அது எக்ஸ்-ஷோரூம் விலைக்குள் இருந்திருக்கும். க்ராஷ் கார்டு வேண்டும் என்றால் அதை மட்டும் வாங்குங்கள், நல்ல கனமான இரும்பில் வெளியில் என்ன விலை என்று முன்பே கேட்டு வைத்துக்கொண்டு.

எக்ஸ்டெண்டட் வாரன்டி எனக்குப் பிடித்த ஒன்று, வைத்துக்கொள்ளலாம். ஆனால் டீலர் சொந்தமாகவோ மூன்றாம் கம்பெனி மூலமாகவோ தருவதைத் தவிருங்கள், வண்டித் தயாரிப்பாளர் தருவதாக இருக்கட்டும். இதை வண்டி எடுத்த அன்றே வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் பெரும்பாலும் இல்லை. ஆர்எஸ்ஏ எனும் சாலையோர உதவி பல வண்டிகளுக்கு முதல் வருஷம் இலவசமாகவே வரும், கம்பெனி தளத்தில் பார்த்துவிட்டுப் பேசுங்கள். டெஃப்லான் கோட்டிங்: புது பெயின்ட்டின் மேல் பாலிஷ் தேய்க்க 1,200 ரூபாய். வேண்டாம்.

6. இன்சூரன்ஸ்: தாளில் மிகக் கொழுத்த வரி

டீலரிடமேதான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் இதை முதல் நாளே அறிவிக்காதீர்கள், எதிர்ப்புதான் வளரும். முதலில் அவர்கள் 13,900 ரூபாயை எப்படிப் போட்டார்கள் என்று பிரித்துக் கேளுங்கள்.

மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, ஐடிவி, அதாவது வண்டி திருடு போனால் இன்சூரன்ஸ் கம்பெனி தருகிற அதிகபட்சத் தொகை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட வண்டிக்கு எக்ஸ்-ஷோரூமில் 95 சதவீதம், நம் கணக்கில் 1,14,000. இதைக் குறைத்து பிரீமியத்தை மலிவாகக் காட்டினால் வண்டி திருடு போன அன்று தெரியும். இரண்டு, 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. வேறு வண்டிக்கு ஏற்கெனவே எடுத்திருந்தால் மறுபடி தேவையில்லை, எடுப்பதானாலும் 1 வருஷத்துக்குப் போதும், ஆனால் 5 வருஷத்துக்குச் சேர்த்துப் போட்டிருப்பார்கள். மூன்று, சொந்தச் சேதத்துக்கான பிரீமியம். மூன்றாம் நபர் தொகை எங்கும் ஒன்றுதான், சொந்தச் சேதப் பிரீமியத்தில்தான் தள்ளுபடி விளையாடும். டீலர் தள்ளுபடியே இல்லாமல் போடுவார், ஆன்லைனில் பாதிக்கும் கீழே கூடப் போகும்.

தங்கை மகனுக்கு இப்படித்தான். ஷோரூம் 13,900 என்றது, அதே ஐடிவி, ஜீரோ டெப்ரிசியேஷனோடு (க்ளெய்மில் பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத வசதி) ஆன்லைனில் 10,500 சொச்சம். அந்தத் திரையை ஃபோனில் காட்டினான், அவ்வளவுதான். உள்ளே போய் வந்தவர் "மேட்ச் பண்ணித் தர்றோம் தம்பி" என்றார், 10,800க்கு அங்கேயே எடுத்தான். முந்நூறு ரூபாய்க்காக அலைய வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். டீலர் வழியே எடுத்தால் க்ளெய்ம் நேரத்தில் ஓர் ஆள் இருப்பார் என்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு.

"எங்க இன்சூரன்ஸ் எடுத்தாதான் கேஷ்லெஸ்" என்பார்கள், அதாவது ரிப்பேர் பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேராகக் கட்டிவிடுகிற வசதி. அந்த ஒர்க்‌ஷாப் எந்தெந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் பட்டியலில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. கம்பெனியின் தளத்தில் பார்த்துவிடலாம்.

7. ஃபைனான்ஸ் பேச்சைக் கடைசிக்குத் தள்ளுங்கள்

"மொத்த கேஷ் தர்றேன், குறைச்சுக் கொடுங்க" என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. கடனில் எடுப்பவரால்தான் டீலருக்கு லாபம், ஃபைனான்ஸ் கம்பெனி அவருக்குக் கமிஷன் தருகிறது. கையில் காசு இருந்தாலும் "இன்னும் முடிவு பண்ணல, ரேட்டைப் பார்த்துச் சொல்றேன்" என்று வையுங்கள். வண்டி விலை எழுத்தில் வந்த பிறகு எப்படிக் கட்டுவது என்று சொன்னால் போதும். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கடன் என்றால், மாதம் எவ்வளவு முடியும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். 4,000 என்றால் எல்லாக் கணக்கையும் 4,000 வரும்படி நீட்டிவிடுவார்கள். வட்டியைக் கேளுங்கள், அது ஃப்ளாட்டா ரெட்யூசிங்கா என்று கேளுங்கள். ஃப்ளாட் என்றால் கடைசிவரை முழுக் கடனுக்கும் வட்டி, ரெட்யூசிங் என்றால் மிச்சமிருக்கிற கடனுக்கு மட்டும். 1 லட்சத்துக்கு 10 சதவீத ஃப்ளாட் வட்டியில் 36 மாதம் என்றால் தவணை 3,611, வட்டி மட்டும் 30,000. அதே 10 சதவீதம் ரெட்யூசிங் என்றால் தவணை 3,227, வட்டி சுமார் 16,200. முதலாவதன் நிஜ வட்டி 18 சதவீதத்தை ஒட்டி வருகிறது. வாயால் சொல்வதை நம்ப வேண்டியதில்லை: 2024 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி கடன் தருபவர் முக்கிய விவரத் தாள் ஒன்று தர வேண்டும், அதில் எல்லாச் செலவும் சேர்ந்த வருடாந்திர விகிதம் இருக்கும். அந்த எண்ணை உங்கள் வங்கியின் எண்ணோடு ஒப்பிடுங்கள். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் எவ்வளவு என்பதும் அதே மூச்சில்.

8. பழைய வண்டி இருந்தால்

எக்ஸ்சேஞ்சைப் புது வண்டி விலையோடு கலக்கவே கூடாது. கலந்தால் ஒரு பக்கம் 5,000 போனஸ், மறுபக்கம் பழைய வண்டிக்கு 8,000 குறைவு. வெளியில் இரண்டு பேரிடம் காட்டி விலை தெரிந்துகொண்டு போங்கள். ஷோரூம் விலையும் போனஸும் சேர்ந்து அதைத் தாண்டினால் கொடுக்கலாம். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது, பெயர் மாறியதா என்று பின்னர் பார்க்க வேண்டும். ஆர்சி உங்கள் பெயரில் இருக்கும்வரை அந்த வண்டி செய்கிற வினை உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

9. பேசுகிற நாள்

மூன்று கொட்டேஷன், உங்கள் சொந்தத் தாள், இன்சூரன்ஸ் ஸ்க்ரீன்ஷாட், எல்லாம் கையில். இப்போது உங்களுக்கு வசதியான, சர்வீஸ் நன்றாக இருக்கிற ஷோரூமுக்கே போங்கள். மிக மலிவான கொட்டேஷன் தந்த இடத்துக்குப் போக வேண்டிய அவசியமில்லை, அந்தத் தாள் இங்கே வேலை செய்யும்.

சேல்ஸ்மேனிடம் ஒரு மணி நேரம் வாதாடாதீர்கள். அவருக்கு அதிகாரம் இருப்பது ஆயிரம், இரண்டாயிரத்துக்குத்தான். "நீங்க நல்லாவே எடுத்துச் சொன்னீங்க, முடிவு பண்ணத்தான் வந்திருக்கேன், மேனேஜர்கிட்ட ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா?" என்று கேளுங்கள். அவரை மதித்துப் பேசுவது முக்கியம், உள்ளே போய் உங்களுக்காகப் பேசப்போவது அவர்தான்.

மேனேஜர் "எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?" என்பார். இங்கே "பார்த்துக் குறைச்சுப் போடுங்க" என்று சொன்னால் முடிந்தது. ஒரு தொகையைச் சொல்லுங்கள், அதற்குக் கணக்கும் காட்டுங்கள். நம் உதாரணத்தில்: எக்ஸ்-ஷோரூம், டாக்ஸ் இரண்டும் 1,34,400. ஆர்டிஓ 1,500. இன்சூரன்ஸ் 10,600. க்ராஷ் கார்டும் சீட் கவரும் 1,400. வாரன்டி 1,500. மொத்தம் 1,49,400. "இன்னைக்கே புக் பண்றேன்" என்று முடியுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்த மௌனம்தான் கஷ்டம். நம்மவர்கள் பத்து நொடி தாங்காமல் "சரி, ஒரு ஐயாயிரம் கூடப் போட்டுக்கோங்க..." என்று தாங்களே ஏற்றிவிடுவார்கள்.

அவர் 1,51,000 வரை வந்து நின்றுவிட்டால், பணமாகக் கேட்பதை நிறுத்திவிட்டுக் கம்பெனி ஆஃபர்களைக் கேளுங்கள். அரசு ஊழியர், கார்ப்பரேட், பழைய வாடிக்கையாளர் தள்ளுபடி எதுவும் பொருந்துமா? கேட்டால் மட்டும் வெளியே வருகிற சங்கதிகள் இவை. முதல் சர்வீஸின் ஆயில் செலவைக்கூட ஒருமுறை இப்படி வாங்கியிருக்கிறேன். "இன்னைக்கு மட்டும்தான் இந்த ரேட்" என்றால் பதற வேண்டாம், நாளைக்கும் அதே மாதம்தான். எழுந்து வந்துவிடுங்கள், சாயங்காலத்துக்குள் ஃபோன் வரும். வராவிட்டால் அவர்களால் நிஜமாகவே முடியவில்லை, அடுத்த ஷோரூமுக்குப் போகலாம்.

10. அட்வான்ஸ் கொடுக்கும் முன்

ஒப்புக்கொண்ட தொகையைப் புதிய கொட்டேஷனாக, மேனேஜர் கையெழுத்தோடு வாங்குங்கள். வேரியன்ட், கலர், தயாரிப்பு மாதம், டெலிவரி தேதி, கேன்சல் செய்தால் பணம் திரும்புமா, எல்லாம் அதில் இருக்கட்டும். நான் முதல் வண்டி எடுத்தபோது 5,000 ரூபாயை வாய்ப்பேச்சை நம்பிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து "அந்தக் கலர் வரல சார், சிவப்பு ரெடியா இருக்கு, ஆனா ரேட் மாறிடுச்சு" என்றார்கள். ரசீதில் தொகையைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. சிவப்பைத்தான் ஓட்டினேன், ஆறு வருஷம்.

அட்வான்ஸ் ஆயிரம், இரண்டாயிரம் போதும். ஷோரூமின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், சேல்ஸ்மேனின் சொந்த ஜிபேக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

11. சேசிஸ் எண் ஒதுக்கியதும், பதிவுக்கு முன்பே, வண்டியைப் பாருங்கள்

இந்த வரிசையைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். உங்கள் பெயரில் பதிவான பிறகு வண்டியை மாற்றச் சொல்ல முடியாது. அதனால் சேசிஸ் எண் (ஒவ்வொரு வண்டியின் சட்டத்திலும் பொறித்திருக்கும் தனி எண்) ஒதுக்கியதும், இன்சூரன்ஸும் பதிவும் போடும் முன்பு, குடோனுக்கே போய்ப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில்.

வண்டியில் பொறித்த சேசிஸ் எண்ணும் தாளில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். தயாரிப்பு மாதத்தைக் கேளுங்கள், விற்பனைச் சான்றான 21ஆம் படிவத்திலும் அது இருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும்: 3225 என்றால் 2025ஆம் வருஷம் 32ஆவது வாரம். எட்டு மாதம் வெயிலில் நின்ற வண்டி என்றால் பேட்டரியும் தளர்ந்திருக்கும். ஒன்று வேறு வண்டி, இல்லாவிட்டால் இன்னும் விலை குறைப்பு, இரண்டில் எதையும் தயங்காமல் கேட்கலாம். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துத் துரு பாருங்கள், ஃபோர்க், சைலன்சர் ஓரங்களில் கீறல் பாருங்கள், ஓடோமீட்டரில் சில கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். எல்லாவற்றையும் ஃபோட்டோ எடுத்துக்கொண்டு, மீதிப் பணத்தை அதற்குப் பிறகு கட்டுங்கள். வெளியில் இன்சூரன்ஸ் எடுப்பதானால் இந்த சேசிஸ், எஞ்சின் எண்களை வைத்து அன்றே எடுத்துக் கொடுத்துவிடுங்கள், பதிவு தாமதமாகாது.

12. டெலிவரி அன்றும் அதற்கு அப்புறமும்

பூசணிக்காய் சுற்றும் முன்பு காகிதத்தைச் சரிபாருங்கள்: டாக்ஸ் இன்வாய்ஸ், 21, 22ஆம் படிவங்கள், இன்சூரன்ஸ் பாலிசி, வாரன்டி அட்டை, சர்வீஸ் புத்தகம், இரண்டு சாவி, டூல் கிட், ஹெல்மெட். இன்வாய்ஸில் உள்ள தொகையும் நீங்கள் கட்டிய தொகையும் ஒட்ட வேண்டும். ஃபிட்டிங்ஸுக்குத் தனி பில் வேண்டும், "அது பில்லில் வராது சார்" என்றால் அந்தப் பணத்தையும் திரும்பக் கேளுங்கள்.

இரண்டு வாரத்தில் ஆர்சி வரும். அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாஹனில் வண்டி எண்ணைப் போட்டு, எவ்வளவு வரியும் கட்டணமும் கட்டப்பட்டது என்று ரசீதைப் பாருங்கள், கொட்டேஷனில் வாங்கிய தொகையோடு ஒப்பிடுங்கள். அதிகம் வாங்கியிருந்தால் ரசீதைக் காட்டி எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் முதல் சர்வீஸில் கழித்துக்கொள்ளச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ள வேண்டாம், பணமாகவே கேளுங்கள். மசியவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். புகார் எண் கையில் வந்ததும் அதை மேனேஜருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள்.